கூரை மேல் ஒரு டன்

எழுபதுகளின் வேலூரில் ஏ.சி. என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பொருள். மாமா சென்னையில் இருந்தார். ஒரு மே மாத விடுமுறையில் அண்ணா சாலை தேவி தியேட்டருக்கு அழைத்துப்போனார். என்ன படம் என்பது மறந்துவிட்டது. இடைவேளையில் வெளியே வரமாட்டேன் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஊர் திரும்பித் தெருவில் பீற்றிக்கொண்டபோது பையன்கள் யாரும் கதாநாயகனைப் பற்றிக் கேட்கவில்லை. "உள்ள எவ்ளோ சில்லுனு இருந்துச்சு?" என்பதுதான் கேள்வி. பெரியவனானால் சினிமாவில் சேரப்போகிறேனோ இல்லையோ, சினிமா தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்று முடிவுசெய்தேன்.

அந்தப் பையன் இன்று கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கிறான். சும்மா இருக்க முடியாமல் ஆர்.வி. என்கிற பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினான். அதன் கூரை மேல், கேட்காமலே ஒரு ஏ.சி. வந்தது. அதைக் கழற்றிவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கோடை முழுக்க வீட்டில் வழக்கு நடந்தது. கழற்றியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான்.

வண்டி 1990 மாடல். டொயோட்டா பிக்கப்பின் முன்பாதியை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கட்டியிருப்பார்கள். 21 அடிக்குள் அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், ஷவர், டிரைவர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் படுக்கை எல்லாம் அடக்கம். இத்தனையையும் இழுக்க 2.4 லிட்டரில் நாலு சிலிண்டர் எஞ்சின், 116 குதிரைத் திறன். சமவெளியில் சமர்த்தாகப் போகும். இன்டர்ஸ்டேட் 80-இல் சியரா நெவாடா ஏற்றம் தொடங்கியதும் லாரிகளுக்கான வலது தடத்தில் ஒதுங்கி, கீழ் கியரில் முனகத் தொடங்கிவிடும். பதினெட்டுச் சக்கர லாரிக்காரர்கள் முந்திப்போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அதில் அனுதாபம்தான் இருக்கும், ஏளனம் இருக்காது.

இந்த வகை வண்டிக்கு எடைதான் பிறவித் தகராறு. ஆரம்ப காலத்து வண்டிகளில் பின்னால் இரட்டைச் சக்கரம் தெரியும்; உள்ளே இருக்கிற அச்சு சாதாரண பிக்கப்புக்குப் போட்ட அதே மெல்லிய அச்சு. பாரம் தாங்காமல் அச்சுகள் முறிய, கடைசியில் வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கனமான அச்சு மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் பழைய வண்டி வாங்கப் போகிறவன் முதலில் குனிந்து பின்சக்கரத்தில் நட்டு எண்ணுவான். ஐந்து என்றால் பழைய அச்சு, ஆறு என்றால் நல்லது. எங்களுடையதில் ஆறு. ஆனாலும் ஒவ்வொரு கிலோவையும் சந்தேகத்தோடு பார்க்கும் புத்தி எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் புத்தியோடு கூரையை அண்ணாந்து பார்த்தால், உச்சந்தலையில் 45 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அடிவயிற்றில் இருக்கும் 45 கிலோ வேறு, உச்சியில் இருக்கும் 45 கிலோ வேறு. பக்கக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

பின்னேணியில் ஏறி மேலே போய்ப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த மூடி வெயிலில் வெந்து மஞ்சளாகியிருந்தது. ஓரத்தை விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. உள்ளே கண்டென்ஸரின் அலுமினியத் தகடுகளில் ஒரு பக்கம் மொத்தமும் சாய்ந்து கிடந்தது. மூலையில் காலியான ஒரு குளவிக் கூடு. பெட்டியைச் சுற்றிக் கூரை லேசாகக் குழிந்திருந்தது. மரச்சட்டத்தின் மேல் முப்பது வருஷத்துக்கும் மேலாக அதே இடத்தில் அதே பாரம். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். தண்ணீருக்கும் படுக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு கேஸ்கெட் மட்டும். கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை, அதைச் சுற்றி ஃபோம் வளையம், மேலே பெட்டி. உள்ளேயிருந்து நாலு நீளப் போல்ட்டுகள் பெட்டியை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அமெரிக்காவில் ஆர்.வி. கூரை ஏ.சி. எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஏற்பாடுதான். கோடீஸ்வரனின் நாற்பதடி வண்டியிலும் அதே ஓட்டை, அதே போல்ட்டு.

பக்கத்து வீட்டுக்காரர் மெக்ஸிகோவில் பிறந்தவர், ஆயுசு முழுக்க ஏ.சி. மெக்கானிக். அவரைக் கூப்பிட்டேன். ஓட்டிப் பார்த்தார். உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வெளியே விடுகிற காற்றுக்கும் தெர்மாமீட்டர் பிடித்தார். 18 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம். "இது உனக்குப் பின்னாலும் இருக்கும்" என்றார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் கேஸ் ஏற்ற வழியே வைப்பதில்லை. கேஸ் போனால் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். போயிருந்தால் வழக்கு ஒரே நாளில் தள்ளுபடி ஆகியிருக்கும்.

பெட்டி 13,500 பி.டி.யூ. நம் ஊர்க் கடைக்காரர் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். அந்தப் பனிக்கட்டியையும் ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்கள்தான் நமக்கு விற்றார்கள். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிப்பாளத்தை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, மெட்ராஸ் கடற்கரையில் இறக்கினார்கள். அதைப் பத்திரப்படுத்த 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்தில் துரைமார் கிளாஸில் மிதந்த அமெரிக்கக் குளிர்ச்சி, இந்தக் காலத்தில் வேலூர்க்காரன் தலைமேல் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

இறக்கத்தான் வேண்டும் என்பதற்கு நான் மின்சாரக் கணக்கை எடுத்துவைத்தேன். பெட்டி ஓட 1,500 வாட் போல வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதற்கும் பலமடங்கு இழுக்கும். வண்டியில் இருப்பது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. அதில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம்: 600 வாட்-மணி. ஏ.சி. இருபது நிமிஷம் ஓடினாலே பெரிது. அதே பேட்டரியில் கூரைக் காற்றாடி ஒன்றை நடுவேகத்தில் வைத்தால் இருபது முப்பது வாட்; இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் விளக்கும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வேலூர் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் குடித்துக்கொண்டு கடகடவென்று சத்தம் மட்டும் போட்டது. ஏ.சி.யை எடு, அதே 14 அங்குல ஓட்டையில் காற்றாடியைப் பொருத்து, காலியான கூரையில் சோலார் பலகை வை. தாளில் எழுதிப் பார்த்தால் மறுபேச்சே கிடையாது.

"ஜெனரேட்டர் இருக்குதே?" என்றாள் மனைவி.

இருக்கிறது. வண்டியின் இடுப்பில் ஒரு பெட்டிக்குள், ஏறக்குறைய 60 கிலோ. ஆனால் ஏ.சி. தேவைப்படுவது தூங்கும்போது; அப்போது ஜெனரேட்டர் போட எந்த கேம்ப்கிரவுண்டிலும் விடமாட்டார்கள். தேசியப் பூங்காக்களில் காலையில் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம் என்று முறை வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நாம் நடக்கப் போயிருப்போம். ஆக, இரவில் ஏ.சி. வேண்டுமென்றால் ஒரே வழி, கம்பத்தில் பிளக் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவது. தேசியப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகள் பெரும்பாலானவற்றில் பிளக்கே கிடையாது.

அடுத்து மலையைச் சொன்னேன். ஆயிரம் அடி ஏறினால் மூன்று நாலு டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். இன்டர்ஸ்டேட் 80 சியராவைக் கடக்கும் டானர் உச்சி 7,239 அடி. ஊட்டி உயரத்துக்கு நூறடி இப்படி அப்படி. வெள்ளைக்காரன் மெட்ராஸில் கவர்னராக இருந்தபோது வெயிலுக்குப் பெட்டியா வைத்துக்கொண்டான்? கோடை வந்ததும் கோப்பு, குமாஸ்தா, சீல் சகிதம் அரசாங்கத்தையே தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போனான். நம் வீட்டுக்குச் சக்கரமே இருக்கும்போது அதற்கு ஏ.சி. எதற்கு? இந்த நாட்டில் வருஷம் முழுக்க ஆர்.வி.யில் வாழ்கிற கிழங்கள் செய்வதும் அதுதான். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் ஊரைச் சுற்றிக் கூடாரமடிப்பார்கள். வெயில் ஏறியதும் வடக்கே, மலைமேல். பறவைப் புத்தி. 2023-இல் ஃபீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரியைத் தொட்டதே, அப்போது அங்கே வண்டி நிறுத்தியிருந்தவனுக்கு ஒரு டன் என்ன, ரெண்டு டன் இருந்தாலும் போதாது.

இதெல்லாம் வாதம். உள்ளுக்குள் எனக்கு இருந்தது வேறு. எனக்கு மொட்டை மாடி வேண்டியிருந்தது.

வேலூரைச் சுற்றி மரமில்லாத பாறை மலைகள். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம் மேல் ஊதும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுவார். வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டுவோம். முதல் வாளி தரையில் விழுந்ததும் சுர்ரென்று ஒரு ஆவி எழும்பும். சுண்ணாம்பும் செங்கல்லும் கலந்த வாசனை. மூன்றாவது வாளிக்குப் பிறகுதான் தண்ணீர் ஓடி மூலைத் தூம்பைப் போய்ச் சேரும். எட்டரை மணிக்குப் பாய்கள் ஏறும். தாத்தாவுக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் நாடாக் கட்டில், சித்தப்பாக்களுக்கு நடுவில், எங்களுக்கு எங்கே இடமோ அங்கே. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு காற்று வரும் பாருங்கள், அதற்காக ராத்திரி பூராவும் புரளலாம். 1983-இல் ஹூஸ்டனில் மேல்படிப்புக்கு வந்து இறங்கினேன். பேஸ்பால் மைதானத்துக்கே கூரை போட்டு ஏ.சி. வைத்த ஊர் அது. ஆகஸ்டில் நூலகத்துக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தேன். அன்றிலிருந்து நாலு மணிக் காற்று என் மேல் படவே இல்லை. ஆர்.வி. வாங்கினதே அதற்காகத்தான் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியும் விட்டேன்.

"நீங்க மொட்டை மாடியில படுத்தீங்க, சரி. உங்க அம்மா எங்க படுத்தாங்க?" என்றாள்.

ரசம் ஊற்றிக்கொள்ளும் சாக்கில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அம்மா கீழே கூடத்தில் படுத்தார். பாட்டியும் அத்தைகளும் அங்கேதான். மாடி ஆண்பிள்ளைகளுக்கு.

அவள் ஆரணிக்காரி. நாலு பெண்கள் பிறந்த வீடு. வயதுக்கு வந்த பெண்களுக்கு மாடி கிடையாது. அக்கம்பக்கத்து மாடியிலெல்லாம் ஆண்கள் படுத்திருப்பார்களே. விளக்கு வைத்த பிறகு தெருப்பக்கத்து ஜன்னலும் கிடையாது, கொக்கி போட்டாகிவிடும். ஒரே அறை, ஒரே டேபிள் ஃபேன், வரிசையாகப் பாய்கள். ஃபேன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தலையைத் திருப்பும். நடுவில் படுத்திருக்கும் பாட்டிக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் காற்று. சுவரோரம் படுத்திருந்த இவளுக்கு ஒரு சுற்றுக்கு ஒரே தரம். "அது திரும்பி வர்றதுக்குள்ள கழுத்துல வேர்வை வழிஞ்சு காதுக்குள்ள போகும்ங்க. அதை எண்ணிக்கிட்டே தூங்குவேன். உங்க நாலு மணிக் காத்து எங்க ஜன்னலுக்கு வெளிய வந்துட்டுப் போயிருக்கும். எனக்கென்ன தெரியும்?"

பிறகு கேட்டாள்: "உங்க காத்தாடி ஓடணும்னா ஜன்னல் திறந்திருக்கணுமா, வேணாமா?"

வேண்டும். கூரைக் காற்றாடி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும். பதிலுக்கு வேறெங்கிருந்தாவது காற்று வரவேண்டும். படுக்கைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால்தான் அது மேலே பட்டுக்கொண்டு போகும். எல்லாம் மூடியிருந்தால் காற்றாடி சுற்றும், காற்று நகராது. இதை நானே அவளுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

"முன்பின் தெரியாத ஊர். பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னே தெரியாத ஒரு பார்க்கிங். அங்க ஜன்னலைத் திறந்து போட்டுட்டு நான் தூங்கணும். அதானே? எனக்குச் சில்லுனு இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் மூடிட்டு மூச்சு முட்டாம படுக்கணும். அந்தப் பெட்டி இருந்தா முடியும்."

இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். வீட்டில் தெர்மோஸ்டாட்டை 76-இல் வைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்துகொண்டு இயற்கைக் காற்றின் மகிமையைப் பற்றி நான் பேசுகிறேனாம். சாக்ரமென்டோவில் பகலில் 100 அடித்தாலும் சூரியன் சாய்ந்ததும் விரிகுடாப் பக்கமிருந்து டெல்டா காற்று வரும்; அந்த நேரத்தில் ஒரு நாளாவது வீட்டு ஜன்னலைத் திறந்ததுண்டா என்று கேட்டாள். இதற்கு மகரந்த அலர்ஜி என்று பதில் வைத்திருந்தேன். சொல்லவில்லை.

மகளுக்குப் போன் போட்டு அப்பீல் செய்தேன். "வண்டியையே வித்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அந்தத் தீர்ப்பை இரண்டு தரப்பும் ஏற்கவில்லை.

நடுவில் வெட்டிவேர் யோசனை ஒன்று வந்தது. தட்டியில் தண்ணீர் தெளித்துக் காற்றைக் குளிரவைக்கும் நம் பழைய சங்கதியை இங்கே கூரைக் கூலராக 12 வோல்ட்டில் செய்து விற்கிறார்கள். மேற்குப் பக்கத்து வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும். மின்சாரம் கொஞ்சம்தான் குடிக்கும். ஆனால் பாலைவனத்துக்குள் குடிக்கக் கொண்டுபோகிற தண்ணீரை அதற்கு ஊற்ற வேண்டும். அதற்கும் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிவிடும். ஜன்னல் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். கஷ்டம் எடை என்றால் எடையைக் குறை. ஆனால் எதைக் குறைப்பது என்பதை நீ மட்டும் முடிவு செய்யாதே. ஏ.சி.க்கு 45 கிலோ. ஜெனரேட்டருக்கு 60. ராத்திரியில் போட முடியாத ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு மலையேறுவானேன்? அதைக் கழற்று. ஏ.சி. இருக்கட்டும், கம்பத்தில் பிளக் கிடைக்கிற இடத்தில் மட்டும் ஓடட்டும். ஜூலை, ஆகஸ்டில் சமவெளியில் தங்குவதானால் பிளக் உள்ள இடமாகப் பார்த்து முன்பதிவு. மலைமேல் போனால் என் காற்றாடி. அதற்கு ஏ.சி. ஓட்டை எதற்கு? சமையல் மேடைக்கு மேலே இன்னொரு வென்ட் இருக்கிறதே, அதுவும் 14 அங்குலம்தானே? நான் அளந்து பார்த்தேன். 14-தான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நாலு போல்ட்டைத் தளர்த்தி, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஏ.சி.யை ஓரமாகச் சாய்த்துப் புதுக் கேஸ்கெட் வைத்தோம். உட்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துக் கூரைக் குழியை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினோம். சாய்ந்த தகடுகளை அவர் ஒரு சீப்பு வைத்து வாரி விட்டார். அதற்கென்றே ஒரு சீப்பு இருக்கிறது. மூடிக்குப் புதுசு வாங்கினோம். காற்றாடியைப் பொருத்த ஒரு சாயங்காலம் ஆயிற்று. ஜெனரேட்டரை விற்க விளம்பரம் கொடுத்தேன்.

வாங்க வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சொந்தமாக ஒரு வேனை ஆர்.வி.யாக மாற்றிக்கொண்டிருக்கிறான். பின்சீட்டில் பெரிய நாய் ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது. கூரையில் புத்தம்புது ஏ.சி. வைத்திருக்கிறானாம், ஜூலையில் அரிசோனா போகிறானாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தம்பி, வெயில் காலத்தில் அங்கே போகலாமா, ஆயிரம் அடிக்கு மூன்றரை டிகிரி குறையும், ஃபிளாக்ஸ்டாஃப் போய்விடு, 7,000 அடி, அந்தப் பெட்டி உனக்குத் தேவையே படாது என்று இங்கிலீஷில் விரிவாக ஆரம்பித்தேன். அவன் பர்ஸை எடுக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கினான்.

வண்டிக்குள்ளிருந்து தமிழில் குரல் வந்தது. ஏ.சி. சத்தத்தையும் மீறித் தெளிவாகவே கேட்டது.

"முதல்ல காசை வாங்குங்க!"